நான் எழுதாமல் விட்ட உன் பதில்

என் மாதேஷுக்கு,

கப்பலில் இருந்தவரை உன்னை ஒருநாளும் இப்படிக் கூப்பிட்டதில்லை. இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிற வேலைப் பெயரைச் சொல்லி "ஆயிலர்" என்பேன். கொஞ்சம் நல்ல மனநிலையில் இருந்தால் "ஓசூர்" என்பேன். என் ஊர் ஓசூர் இல்லைங்க சார், பாகலூர் பக்கம் என்று நீ இரண்டு தடவை திருத்தினாய். மூன்றாவது தடவை விட்டுவிட்டாய். கேப்டனைத் திருத்தி என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பாய்.

இப்போது நானே ஓசூர்க்காரன். சிரிக்காதே. தூத்துக்குடியில் ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் வீட்டில் பிறந்தவன், ஆயுசில் பாதியைத் தண்ணீர் மேலேயே கழித்தவன், கடைசியில் எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் வராத ஊரில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். யாராவது கேட்டால் குளிர்ச்சிக்காக வந்தேன் என்பேன். மகன் பெங்களூரில் இருக்கிறான், பக்கம்தானே என்பேன். இரண்டும் பொய் இல்லை. ஆனால் நான் இங்கே வீடு பார்த்ததற்குக் காரணம் நீதான், மாதேஷ்.

என் மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. நீ அவளைப் பார்த்ததில்லை. போனில் அவளோடு பேசிவிட்டு நான் வெளியே வரும்போது முகத்தைப் பார்த்து, "வூட்லீங்களா சார்?" என்று மட்டும் கேட்பாய். மகன் ஒவ்வொரு வாரமும் வருவதாகச் சொல்கிறான், ஒவ்வொரு வாரமும் அத்திப்பள்ளி டிராஃபிக்கில் மனம் மாறித் திரும்பிவிடுகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவன் சின்னவனாக இருந்தபோது நானும் அப்படித்தான் வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விடிகிறதற்கு முன்னாலேயே கம்பெனி பஸ்கள் எங்கள் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். பால்கனியில் நின்று பார்ப்பேன். தலையில் குல்லா, கழுத்தில் அடையாள அட்டை, ஒருத்தர் தமிழில் கூப்பிட இன்னொருத்தர் தெலுங்கில் பதில் சொல்ல, டிரைவர் கன்னடத்தில் திட்ட, எல்லோரும் ஏறிப் போய்விடுவார்கள். அதன் பிறகு தெருவில் நானும் நாய்களும்தான். அந்த நேரம்தான் எனக்கு ரொம்பக் கஷ்டமான நேரம். கப்பலில் அது வாட்ச் மாற்றும் நேரம், ராத்திரிக் காவல் இருந்தவன் அடுத்தவனிடம் ஒப்படைக்கும் நேரம். யாராவது ஒருத்தர் வந்து நின்று, "எல்லாம் சரி, சார்" என்பார்கள். இங்கே அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

தண்ணீர் பார்க்கவேண்டும்போல் இருந்தால் கெலவரப்பள்ளி அணைக்குப் போவேன். மழை பெய்த வாரங்களில் ஆறு முழுக்க வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கி வரும். பெங்களூர்ச் சாக்கடை கலந்த தண்ணீர். போன மாதம் அங்கே நின்றுகொண்டிருந்தபோது ஒருவர், "பெரிசு, கிட்ட போவாதீங்க, நாறும்" என்றார். கடலில் காலம் தள்ளியவனுக்கு வாய்த்த தண்ணீரைப் பார்த்தாயா.

சரி. சுற்றி வளைத்தது போதும். உன்னிடம் ஒரு விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். இதை மற்றவர்களும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

கேப்டன் ஆவதற்கான மாஸ்டர் பரீட்சைக்குப் படித்தபோது கப்பல் சட்டத்தை மனப்பாடம் செய்தேன். அதில் பாதி வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. அந்தக் காலத்துக் கேப்டன்கள் நம் ஆட்களை இங்கிருந்து ஏற்றிக்கொண்டு போய், சரக்கு இறக்கியதும் லண்டனிலோ வேறெங்கோ குளிரில் இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு தெருவில் பிச்சை எடுத்தவர்கள், பாலத்துக்குக் கீழே விறைத்துச் செத்தவர்கள் எத்தனையோ பேர். அதற்குப் பிறகுதான் கேப்டன்களுக்குக் கடிவாளம் போட்டார்கள். அதிகாரி முன்னால் ஒப்பந்தம் எழுத வேண்டும். கூட்டிக்கொண்டு போன ஆளைத் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும். வழியில் எங்காவது விட்டுவிட்டு வருவதானால் அந்தத் துறைமுக அதிகாரியிடம் காரணம் சொல்லிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அவன் பெட்டியில் இருக்கும் சட்டை, சீப்பு வரைக்கும் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இரக்கப்பட்டுப் போட்ட சட்டம் என்று நினைத்துவிடாதே. ஆதரவில்லாமல் திரிகிறவர்களுக்குச் சோறு போடுகிற பாரம் தங்கள் தலையில் விழக்கூடாது என்பதும் அவர்கள் கணக்கு. ஆனாலும் அதில் ஒரு வழக்கம் எனக்குப் பிடிக்கும். கப்பலில் நடப்பதையெல்லாம் பதியும் லாக் புத்தகத்தில் ஒரு ஆளைப் பற்றிக் கேப்டன் புகார் எழுதினால், எழுதியதை அந்த ஆளுக்கே வாசித்துக் காட்ட வேண்டும். அவன் என்ன பதில் சொல்கிறானோ அதையும் கீழே எழுத வேண்டும். கேப்டனும் சாட்சியும் கையெழுத்துப் போட வேண்டும். எந்தக் குமாஸ்தா இதை யோசித்தானோ தெரியாது. கடலில் கேப்டன் வைத்ததுதான் சட்டம். அந்தக் கேப்டனுடைய புத்தகத்திலேயே இன்னொருத்தன் வாய்க்கும் ஒரு வரி இடம் ஒதுக்கியிருக்கிறான்.

புகாருக்குத்தான் இது கட்டாயம். ஆனால் நான் யாரிடம் வேலை கற்றேனோ அந்தக் கேப்டன்கள், ஆளை நடுவழியில் இறக்கிவிடும்போதும் இப்படித்தான் செய்வார்கள். நானும் அதையே செய்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை. பார், சட்டம் கேட்காததைக்கூடச் செய்கிறேன் என்று.

அந்த நாள் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருந்ததோ. காய்ச்சலில் கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது உனக்கு. ஆப்பிரிக்கக் கரையில் ஆற்றின் வாய்க்குள் இருந்த சின்னத் துறைமுகம். பிரெஞ்சு பேசுகிற ஊர். கரையிலிருந்து வந்த டாக்டர் உன் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஈரல் கெட்டிருக்கிறது, கப்பலில் வைத்துக்கொண்டு போகக்கூடாது, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார். அதில் தப்பு இல்லை. உன்னைக் கரையில் இறக்கியது தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். என் தப்பு அதற்கு அப்புறம் வருகிறது.

காலையிலிருந்து கம்பெனியிலிருந்து போன் மேல் போன். கடல் ஏறியிருக்கும்போதுதான் அந்த ஆற்றைவிட்டு வெளியே வர முடியும். அந்த ஏற்றத்தைத் தவறவிட்டால் அடுத்தது இருட்டில் வரும், இருட்டில் அங்கே கப்பலை விடமாட்டார்கள். ஆக, முழுசாக ஒரு நாள் நிற்க வேண்டும். நான் ஒரு துறைமுகத்திலிருந்தும் தாமதமாகக் கிளம்பாத கேப்டன். கம்பெனியில் எனக்கு அப்படி ஒரு பெயர். நான் ஓய்வு பெற இன்னும் இரண்டே பயணம் பாக்கி.

நீ படுத்திருந்த அறைக்கு லாக் புத்தகத்தோடு வந்தேன். சீஃப் ஆபீசர் சாட்சிக்கு வந்தார். துறைமுக அதிகாரி வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. நான் ஆங்கிலத்தில் வாசித்தேன், பிறகு தமிழில் உனக்குச் சொன்னேன். "உடம்பு சரியில்லாததால் மாதேஷ் இந்தத் துறைமுகத்தில் சிகிச்சைக்காக இறக்கிவிடப்படுகிறான். என்ன சொல்றே?"

நீ என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாய். நீ சொன்னதை நான் ஒரு எழுத்து மறக்கவில்லை.

"சார், இங்க எனக்கு ஒருத்தரயும் தெரியாது. ஒரு பாஷயும் தெரியாது. தனியா வுட்டுட்டுப் போவாதீங்க சார். சேவியரண்ணன வுட்டுட்டுப் போங்க. அவரு இருக்கறேன்னு சொல்லிட்டாரு."

சேவியர் நம் சமையல்கட்டில் இருந்தவர், என் வயசுக்காரர். காலையிலேயே என்னிடம் வந்து, "நான் கூட நிக்கிறேன் கேப்டன், பய பயப்படுறான்" என்று சொல்லியிருந்தார். அவர் இல்லாமல் கப்பல் நின்றுவிடாது. நீ கேட்டது நடக்கக்கூடிய காரியம்தான். ஆனால் அவரையும் இறக்க வேண்டுமானால் அவருக்கும் சான்றிதழ், அவருக்கும் பட்டியல், அந்த ஊரில் தங்க அனுமதி. அன்றைக்கு ஏற்றம் போய்விடும்.

துறைமுக அதிகாரி என்னைப் பார்த்து, என்ன சொல்கிறான் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். லாக் புத்தகத்தில் பதில் எழுதுகிற இடத்தில், "பதில் எதுவும் இல்லை" என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். சீஃப் ஆபீசரும் போட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் காதில் விழுந்தது வெறும் சத்தம்தானே.

அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கேப்டனுக்காவது நம் பாஷை புரியாது. எனக்குப் புரிந்தது. அந்தக் கப்பலில் உன் பதிலை எழுத முடிந்த ஒரே ஆள் நான்தான்.

ஸ்ட்ரெச்சரில் உன்னை இறக்கும்போது படிக்கட்டு வரைக்கும் வந்தேன். வழக்கப்படி, "வரேன் மாதேஷ்" என்றேன். நீ தெலுங்கில் ஏதோ சொன்னாய். என்னிடம் நீ தெலுங்கு பேசியதே இல்லை. காய்ச்சலில் வீட்டு பாஷை வந்துவிட்டது போல. "ரத்னாகி செப்பண்டி, ஒஸ்தானனி." அன்றைக்கு எனக்கு அதில் ரத்னா என்ற பெயர் மட்டும்தான் புரிந்தது. ஆனால் சத்தம் அப்படியே காதில் தங்கிவிட்டது. சரியான நேரத்துக்கு ஆற்றைவிட்டு வெளியே வந்தோம். பதினோராம் நாள் நீ போய்விட்டாய் என்று தகவல் வந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறவன், மூன்றும் உதவாத ஒரு அறையில் அந்தப் பதினோரு நாளும் யாரிடம் என்ன கேட்டாய், மாதேஷ்? தண்ணீர் வேண்டும் என்பதை எப்படிச் சொன்னாய்?

நான் ஓசூருக்கு வந்து ஐந்தாறு மாதம் கழித்துத்தான் உன் வீட்டுக்குப் போகத் தைரியம் வந்தது. அதற்குள் இரண்டு தடவை பாகலூர் பஸ் ஏறி, பாதியில் இறங்கித் திரும்பியிருக்கிறேன். உன் மனைவி ரத்னம்மா அப்போதுதான் ரோஜா வளர்க்கிற பாலித்தீன் கூடாரத்தில் வேலை முடித்து வந்திருந்தாள். விரல் முழுக்க முள் கீறல். பெயரைச் சொன்னதும், "கேப்டன் சாரா?" என்று எழுந்து நின்றுவிட்டாள். நீ போனபோது நான் எழுதிய இரங்கல் கடிதத்தை இன்னும் வைத்திருந்தாள். அதில் எல்லாம் நல்ல நல்ல வார்த்தைகள்.

களியும் கொள்ளுக் குழம்பும் போட்டாள். களியை மென்றுவிட்டேன். உன் மகள் பவித்ரா சிரிப்பை அடக்கிக்கொண்டு, முழுங்கணும் சார் என்று சொல்லிக்கொடுத்தாள். என்னோடு உட்கார்ந்து யாராவது சாப்பிட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அதனால்தான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த தடவை போனபோது உன் வீட்டுத் துணிக்கொடி அவிழ்ந்து, துவைத்ததெல்லாம் மண்ணில் கிடந்தது. நான் கப்பல் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொடுத்தேன். இழுக்க இழுக்க இறுகும், அதுவாக அவிழாது. அன்றையிலிருந்து ரத்னம்மாவுக்கு நான் கேப்டன் சார் இல்லை, அண்ணா. பவித்ராவுக்கு மாமா. ஆக, உனக்கு நான் மச்சான் முறை. ஞாயிற்றுக்கிழமை என்றால் பாகலூர் என்று ஆகிவிட்டது. எனக்கென்று இருந்த ஒரே வீடு அதுதான், மாதேஷ். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு மேல் பயந்து பயந்து அங்கே உட்கார்ந்திருந்தேன்.

பயத்துக்குக் காரணம் ஒரு காகிதம். உன் சாவுக்குப் பிறகு கம்பெனி அனுப்பிய காகிதங்களில் அந்த லாக் பக்கத்தின் நகலும் இருந்திருக்கிறது. ரத்னம்மா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஓரமெல்லாம் ஒட்டி, ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறாள். பவித்ரா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அதை வாசித்து அம்மாவுக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறாள். உன்னைக் கேட்டார்கள், நீ ஒன்றும் சொல்லவில்லை என்று.

நீ கப்பல் ஏறும் முன் உங்களுக்குள் சண்டை என்பது எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். இந்தத் தடவை போகாதே என்று அவள் சொன்னதும், நீ கேட்காமல் கிளம்பியதும், "கப்பலையே கட்டிக்கினு அழு" என்று அவள் போனை வைத்ததும். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. பிறகு இந்தக் காகிதம் வந்தது.

"எத்தினி ரோசம் பாருங்கண்ணா," என்பாள். "சாவப் போறப்பகூட எம்பேர எடுக்கல. ஊட்டுக்குப் போவணும்னு ஒரு வார்த்த கேக்கல. நான் அவ்ளோ வேணாதவளாப் போயிட்டேன்." அழமாட்டாள். சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் குழம்பு ஊற்றுவாள். நான் தலையைக் குனிந்து களியை விழுங்குவேன்.

இந்த ஒன்பது வருஷமாக அவளை வேண்டாதவளாக ஆக்கி வைத்திருந்தது நீ இல்லை, நான் எழுதிய ஒரு வரி.

போன மாதம் பவித்ராவுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் இருக்கிறாள், உன் மாதிரியே வேலை சுத்தம். இரண்டு வருஷப் பயிற்சிக்கு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். நான் களி தின்றுகொண்டிருக்கும்போதே ஒப்பந்தக் காகிதத்தை என் முன்னால் வைத்தார்கள். "நீங்க படிச்சுப் பாத்து சரின்னு சொன்னா அனுப்பறேன்," என்றாள் ரத்னம்மா. "கப்பல்ல எத்தினி அக்ரிமெண்ட்டு பாத்திருப்பீங்க."

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைத்தான் திருப்பினேன். அவள் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அங்க போயி ஒடம்பு கிடம்பு சரியில்லன்னா வாயத் தொறந்து கேளு. உங்கப்பன மாரி வாய மூடிக்கினு கெடக்காத. கேட்டிருந்தா யாராவது கூட இருந்திருப்பாங்க. கேக்காம செத்தான் மனுசன்."

காகிதத்தைக் கீழே வைத்தேன். உன்னைப் போய், வாய் திறந்து கேட்காதவன் என்கிறாள். நீ என் சட்டைக் கையைப் பிடித்த இடம் எரிகிற மாதிரி இருந்தது. இனி அந்த வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது என்று தெரிந்தேதான் சொன்னேன்.

"அவன் கேட்டாம்மா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர், ஏற்றம், சேவியர், வாசலில் நின்ற அதிகாரி, நான் எழுதிய வரி. எதையும் மழுப்பவில்லை. நீ சொன்னதை நீ சொன்ன மாதிரியே சொன்னேன். கடைசியில் அந்தத் தெலுங்கையும் சொன்னேன். ஓசூரில் மூன்று வருஷம் இருந்ததில் அதன் அர்த்தம் எனக்கே எப்போதோ தெரிந்துபோயிருந்தது. ரத்னாவிடம் சொல்லுங்கள், வருகிறேன் என்று.

"இன்னொருக்கா சொல்லுங்க," என்றாள்.

சொன்னேன்.

"போன வெக்கறப்ப எப்பவும் அதான் சொல்லுவாரு," என்றாள் பவித்ராவிடம், என்னிடம் இல்லை. "ஒஸ்தான்னு. அன்னிக்கு சண்டையில அதச் சொல்றதுக்குள்ள நாந்தான் வெச்சிட்டேன்." அப்போதுதான் அவள் அழுது நான் முதல் தடவை பார்த்தேன். வெகுநேரம் அழுதாள். அது உன் சாவுக்காகவா, நீ அவளை வெறுக்கவில்லை என்பதற்காகவா, எனக்குத் தெரியவில்லை. பவித்ரா அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுதமாட்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ரத்னம்மா கேட்டாள். "பொய்யா எழுதுனத அழிக்க முடியுமா?"

"லாக்ல அழிக்கக் கூடாதும்மா. தப்புன்னா அது மேல ஒரு கோடு போட்டு, கீழ சரியானத எழுதி, கையெழுத்துப் போடணும். சாட்சியும் போடணும்."

பவித்ரா உள்ளே போய் அந்த நகலை எடுத்துவந்தாள். கத்தரிக்கோலால் உறையை நாலு பக்கமும் வெட்டி, காகிதத்தை உருவி என் முன்னால் வைத்தாள். பேனாவையும் வைத்தாள். நான் என் கையெழுத்தின் மேலேயே குனிந்து, "பதில் எதுவும் இல்லை" என்பதன் மேல் கோடு போட்டேன். கீழே உன் பதிலை எழுதினேன், தமிழிலும், அந்தக் கடைசி வரியைத் தெலுங்குச் சத்தத்திலேயும். இடம் போதவில்லை. ஓரத்தில் ஏறிப் போய் எழுதினேன். என் கையெழுத்துப் போட்டேன். சாட்சி என்ற இடத்தில் ரத்னம்மா போட்டாள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.

பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் பாதி சாப்பிட்ட களி அதில் அப்படியே இருந்தது.

"இத்தினி நாளா எம் மூஞ்சியப் பாத்துக்கினே துன்னீங்களே," என்றாள். சத்தம் போடவில்லை. "போங்கண்ணா. இனிமே வராதீங்க."

அப்போதும் அண்ணா என்றுதான் சொன்னாள்.

"போயிட்டு வரேன்" என்று வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வாசலில் துணிக்கொடியில் ரோஜாக் கூடாரத்துச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. அந்த முடிச்சு அவிழாது. என் ஞாபகமே வேண்டாம் என்றால் அறுத்துத்தான் எறிய வேண்டும். அறுத்திருப்பாளா?

அதற்குப் பிறகு நாலு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. கம்பெனி பஸ் ஓடாத நாள் என்பதால் தெருவே செத்துக் கிடக்கிறது. பேக்கரியில் ஒரு பன் வாங்கி வந்து பால்கனியில் உட்கார்ந்து தின்கிறேன். மதியம் ஆனால் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. ரொம்பத் தனியாக இருக்கிறது, மாதேஷ். இதை உன்னிடம் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. உன் பதினோரு நாளுக்கு முன்னால் என் நாலு ஞாயிறு எம்மாத்திரம்.

ஒரு சேதி உண்டு. மூன்று நாளைக்கு முன் பவித்ராவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. வணக்கம் இல்லை, மாமா இல்லை. அந்த ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கீழே ஒரே வரி: "நீங்க முழுசா படிக்கல."

படித்தேன். இரண்டு தடவை. உடம்புக்கு முடியாமல் போனால் ஆஸ்பத்திரியில் சேர்ப்போம் என்று இருந்தது. அவளோடு யார் இருப்பார்கள் என்று எங்கேயும் இல்லை. அதைக் குறித்து அனுப்பினேன். நம் பாஷை தெரிந்த ஒருத்தர் கூட இருப்பார் என்று எழுத்தில் வாங்கு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடு என்றேன். நேற்று பதில் வந்தது. "கேட்டிருக்கேன். எழுதித் தர மாட்டேன்னா போகமாட்டேன்னு சொல்லிட்டேன்." உன் மகள்தானே. உன்னை மாதிரியே கேட்கிறாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கம்பெனி வைத்திருக்கிற நகலிலும் அரசாங்கக் கப்பல் அலுவலகத்தில் இருக்கிற அசல் புத்தகத்திலும் அந்த வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நான் செய்ததை எழுதி இரண்டு இடத்துக்கும் அனுப்பிவிட்டேன். என் லைசென்ஸைப் பிடுங்கினாலும் சரி, என் பெயரைக் கெடுத்தாலும் சரி, உன் பதில் அதில் ஏறும்வரை விடமாட்டேன். அவர்கள் இழுத்தடித்தால் என்ன செய்வது? அதற்காகத்தான் இதை ஊர் படிக்க எழுதுகிறேன். கேப்டனின் திருத்தத்துக்குச் சாட்சி வேண்டும். இதைப் படிக்கிற ஒவ்வொருத்தரும் சாட்சி.

திருத்தம்: "பதில் எதுவும் இல்லை" என்று எழுதியது தவறு. மாதேஷிடம் வாசித்துக் காட்டப்பட்டது. அவன் பதில் சொன்னான். தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று சொன்னான். ரத்னாவிடம் சொல்லுங்கள், வருகிறேன் என்று சொன்னான். கேப்டன் அதைக் கேட்டார்.

ஒரு துறைமுகத்திலும் தாமதிக்காமல், உன்னிடம் மட்டும் ஒன்பது வருஷம் தாமதித்துவிட்ட,

உன் மச்சான்
(ரத்னா அந்த முறையை இன்னும் எனக்கு விட்டுவைத்திருந்தால்)